முதலில் ஆர்டர், பிறகு பயிற்சி

சிறப்புப் பள்ளிகளில் பெரும்பாலானவை 18 வயதோடு விடைகொடுத்து அனுப்பிவிடுகின்றன. அதன்பிறகு அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ளவர் வீட்டில் டி.வி. முன்னால் உட்காருவார், வசதி இருந்தால் ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்குப் போவார். அங்கே காகிதக் கவர் ஒட்டுவார்கள், மெழுகுவர்த்தி ஊற்றுவார்கள், அகல்விளக்குக்கு வண்ணம் தீட்டுவார்கள். டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று ஏதாவது ஒரு கம்பெனியின் வரவேற்பறையில் மேஜை போட்டு விற்பார்கள். வாங்குகிறவர்கள் நல்ல மனதோடுதான் வாங்குகிறார்கள். ஆனால் ஜனவரியில் யாரும் போன் செய்து, "அந்தக் கவர் இன்னும் ஐந்நூறு வேணும்" என்று கேட்பதில்லை. பத்து வருடமாக இன்னும் 'பயிற்சி'யிலேயே இருக்கும் 30 வயதுக்காரர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

கற்றுக்கொடுத்துவிட்டு வேலை தேடுவது இந்த நாட்டின் பழக்கம். கலைத்தொழிலைப் பொறுத்தவரை அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். யார் வாங்கப்போகிறார், எத்தனை, எந்த மாதம் என்பது முதலில் தெரியவேண்டும். அந்த ஆர்டருக்குள்ளேயே கற்றுக்கொடுக்க வேண்டும். ஏனென்றால் நம்மவர்களில் பலருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் கஷ்டம். மையத்தின் பச்சை மேஜையில் அழகாக ஒட்டியவர், கடையின் ஸ்டீல் மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இதை மறதி என்று நினைத்துத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர் கற்றதில் மேஜையும் சேர்ந்தே இருந்தது, அவ்வளவுதான்.

எந்தக் கை, எந்த வேலை

"கலைத்தொழில்" என்று சொன்னதும் பெற்றோர் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம், "எம்பையன் சூப்பரா வரைவான் சார், எக்சிபிஷன் வைக்கணும்" என்பவர்கள். இன்னொரு பக்கம், "அவளுக்கு ஒண்ணும் வராது, ஏதோ பொழுது போனாப் போதும்" என்பவர்கள். இருவரும் கையைச் சரியாகப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

இந்தத் துறையில் இரண்டு வகைக் கைகள் இருக்கின்றன. ஒரே அசைவை நூறு முறை செய்தாலும் சலிக்காத கை ஒன்று. நூறாவதும் முதலாவது மாதிரியே இருந்தால்தான் அதற்கு நிம்மதி. இன்னொன்று, ஒன்றைப்போல் இன்னொன்றைச் செய்யவே செய்யாத கை. அச்சிடுதல், நெசவு, கூடை முடைதல், மணி கோத்தல் எல்லாம் முதல் வகைக்கு. ஓவியம், களிமண் உருவம், எம்பிராய்டரியில் சொந்தமாகப் போடுவது எல்லாம் இரண்டாம் வகைக்கு. முதல் வகைக்காரரிடம் "உன் மனசுல தோணுறதை வரை" என்று வெள்ளைத்தாளை நீட்டினால் அவர் பதறிப்போவார். இரண்டாம் வகைக்காரரிடம் 300 பைகளில் ஒரே மாம்பிஞ்சைப் பதிக்கச் சொன்னால், பத்தாவது பையில் மாம்பிஞ்சுக்கு மீசை முளைத்திருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? படம் காட்டி "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்கும் சோதனைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பலர் கடைசியாகக் காட்டிய படத்தையே தொடுவார்கள். வீட்டில் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். துணி மடிக்கும்போது விளிம்போடு விளிம்பு சேர்க்கிறாரா? செருப்புகளை வரிசையாக வைக்கிறாரா? பேப்பரைக் கிழிக்கும்போது நீளநீளமாகக் கிழிக்கிறாரா, கண்டபடி கிழிக்கிறாரா? எதைத் தொட்டால் கையை உதறுகிறார்? ஈரக் களிமண்ணை விரலில் தாங்கமுடியாதவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களில் நிறைய. அவர்களைக் குயவர் சக்கரத்தின் முன் உட்காரவைப்பது கொடுமை. தையல் மிஷின் சத்தம், டெர்ரகோட்டா சூளையின் புகை, பசை காயும்போது விரலில் இழுக்கும் உணர்வு இவையெல்லாம் தொழிலைத் தீர்மானிக்கும் விஷயங்கள். எழுதிவையுங்கள். பிறகு இரண்டு மூன்று உண்மையான பட்டறைகளுக்கு அழைத்துப்போய், அரை நாள் அங்கே இருக்கவிடுங்கள். எங்கே அவர் எழுந்து போக மறுக்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொழிலைப் பிரித்துப் பார்ப்போம்: தாம்பூலப் பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. தடை எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு காய்கறிக்கடையிலும் தெரிகிற கதை. ஆனாலும் கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுக்கொடுக்கும் பை துணிப்பையாக மாறிக்கொண்டிருக்கிறது. முகூர்த்த நாள் முன்கூட்டியே தெரியும். ஒரு கல்யாணத்துக்கு 300 முதல் 1,000 பை வரை போகும். ஒரே டிசைன்தான். பிழை பெரிதாகத் தெரியாத பரப்பு. முதல் வகைக் கைக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு குறைவு.

பை தைப்பதைத் தையல்காரரிடமே விட்டுவிடுங்கள். நாம் எடுத்துக்கொள்வது மர அச்சுப் பதிப்பது. ஒரு பையை முடிக்க என்னென்ன செய்யவேண்டும் என்று நீங்களே ஒருமுறை செய்துபார்த்து, செய்யச்செய்ய எழுதுங்கள். என் பட்டியல் இப்படி வரும்: பையை அடுக்கிலிருந்து எடுப்பது, உள்ளே ஒரு அட்டையைச் செருகுவது (சாயம் பின்பக்கம் ஊறாமல் இருக்க), மேஜையில் ஒட்டியிருக்கும் மரச்சட்ட மூலையோடு பையின் மூலையை அணைத்து வைப்பது, சுருக்கத்தைக் கையால் நீவுவது, அச்சைச் சாயத்தட்டில் இரண்டு முறை ஒற்றுவது, பையின் மேல் வைப்பது, முஷ்டியால் ஒரு தட்டு, நேராக மேலே தூக்குவது, பையைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவது. மறுநாள் அட்டையை உருவுவது, சாயம் நிலைக்கச் சூடான இஸ்திரி போடுவது, ஐம்பது ஐம்பதாகக் கட்டுவது.

இதில் ஒருவருக்கு எல்லாமே வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அட்டை செருகுவதை மட்டும் நாள் முழுக்க மகிழ்ச்சியாகச் செய்கிறவர் உண்டு. அவரும் தொழிலாளிதான். எங்கே தடுக்குகிறதோ அங்கே ஆளைத் திருத்துவதற்கு முன் மேஜையைத் திருத்துங்கள். அச்சு கோணலாக விழுகிறதா? பையின் மேல் வைக்க ஒரு ஜன்னல் வெட்டிய அட்டைச் சட்டம் செய்யுங்கள். அச்சு அந்த ஜன்னலுக்குள் மட்டுமே இறங்கும். சாயம் அதிகமாக ஒட்டுகிறதா? தட்டில் தடித்த ஸ்பாஞ்சுக்குப் பதில் மெல்லிய ஃபெல்ட் துணியை விரியுங்கள். எண்ணத் தெரியவில்லையா? ஐம்பது கட்டம் போட்ட பலகை ஒன்று போதும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பை, பலகை நிறைந்தால் கட்டு முடிந்தது. அச்சின் மேல்பக்கம் எது என்று குழம்புகிறாரா? கட்டைவிரல் பிடிக்கும் இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு மொத்தமே சில நூறு ரூபாய்தான் ஆகும். தச்சர் ஒருவரைச் சிநேகம் பிடித்துவைத்திருப்பது நல்லது.

சாயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் கரையும் பிக்மென்ட் சாயத்தையே வாங்குங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இறங்குவதாக இருந்தால், தின்னரும் மண்ணெண்ணெயும் போட்டுக் கழுவவேண்டிய மை வேண்டாம். ஸ்கிரீனை நீங்களே தயாரிக்கவும் வேண்டாம். அதற்குப் பயன்படும் பைக்ரோமேட் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது. டிசைனைக் கொடுத்தால் ஸ்கிரீன் போட்டுத்தரும் கடைகள் எல்லா நகரங்களிலும் இருக்கின்றன.

பேசாமல் கற்றுக்கொடுப்பது

1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு சைக்கிள் பிரேக்கின் பாகங்களைப் பொருத்தக் கற்றுக்கொடுத்தார். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பிரேக்கைக் கையில் எடுத்தால் திணறுவார்கள். பாகங்களை வரிசையாகத் தட்டில் அடுக்கிவைப்பது, சரியான பக்கத்தில் நிறம் பூசுவது போன்ற எளிய உபாயங்கள்தான் அவருடைய கருவிகள். அவர் முறையில் நமக்கு உடனே உதவுவது ஒன்று: சரியாகச் செய்யும்போது பேசாதே. தவறப்போகும் இடத்தில் மட்டும் கையை லேசாகத் திருப்பு, அல்லது "வேற மாதிரி வெச்சுப் பாருங்க" என்று ஒரு வாக்கியம். ஒவ்வொரு பைக்கும் "சூப்பர்! வெரி குட்!" என்று கைதட்டும் பழக்கம் நம் மையங்களில் வேரூன்றிக் கிடக்கிறது. கைதட்ட ஆள் இல்லாத நாளில் வேலை நின்றுவிடும். தவிர, 28 வயதுப் பெண்ணை "பாப்பா" என்று கூப்பிட்டுக் கைதட்டுவதைப் பக்கத்து மேஜைத் தொழிலாளி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நாளைக்கு அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கற்றுக்கொடுப்பவர் எதிரே உட்காராமல் பின்னாலோ பக்கத்திலோ நிற்கவேண்டும். எதிரே உட்கார்ந்தால் கற்பவரின் கண் சாயத்தட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே தேடும். கையைப் பிடித்துச் செய்யவைப்பது முதல் சில நாட்களுக்கு; பிறகு மணிக்கட்டைத் தொடுவது, பிறகு விரல் நீட்டிக் காட்டுவது, பிறகு ஒன்றுமில்லை.

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் தொடங்கிய 'டீச்' திட்டத்திலிருந்து ஒரு நடைமுறையை எடுத்துக்கொள்ளலாம். வேலை மேஜையைப் பார்த்த உடனேயே நான்கு கேள்விகளுக்கு விடை தெரியவேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், முடிந்ததும் என்ன. இடப்பக்கம் வெறும் பைகள் அடுக்கிய கூடை, வலப்பக்கம் முடிந்தவை போகும் கொடி, கூடை காலியானால் டீ என்று காட்டும் ஒரு டம்ளர் படம். இந்த ஏற்பாடு இல்லாமல், கூடை காலியாகும் முன்பே இன்னொரு கட்டைக் கொண்டுவந்து கூடையில் கொட்டினால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்ட அம்மாக்களைக் கேளுங்கள். முடிவு எங்கே என்று தெரியாத வேலையில் யாருக்குத்தான் கோபம் வராது?

இரண்டாம் வகைக் கை

ஜூடித் ஸ்காட் 1943இல் அமெரிக்காவின் ஓஹியோவில் பிறந்தவர். டவுன் சிண்ட்ரோம், காதும் கேட்காது, ஆனால் அது நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. ஏழு வயதிலிருந்து 35 வருடங்கள் காப்பகங்களில் கழிந்தன. இரட்டைச் சகோதரி ஜாய்ஸ் அவரைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்து, 1987இல் ஓக்லண்ட் நகரின் 'கிரியேட்டிவ் குரோத்' மையத்தில் சேர்த்தார். 1974இல் தொடங்கப்பட்ட அந்த மையத்தில், ஊனமுள்ள பெரியவர்கள் தினமும் வந்து தங்கள் விருப்பப்படி வேலை செய்யலாம். ஏறத்தாழ இரண்டு வருடங்கள் ஜூடித் எதிலும் ஆர்வம் காட்டவில்லை. பிறகு நூல் கலைஞர் ஒருவரின் வகுப்பில் நூலையும் குச்சியையும் எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். கிடைத்த பொருளையெல்லாம் நூலால் சுற்றிச்சுற்றிப் பெரிய உருவங்கள் ஆக்கினார். 2005இல் இறக்கும்வரை நிற்கவில்லை. இன்று அவருடைய படைப்பு நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் அருங்காட்சியகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அந்த இரண்டு வருடங்களை. பென்சிலும் பெயின்ட்டும் அவர் பொருள் இல்லை. அவர் பொருள் நூல். அதுவரை ஒருவரும் "இவளுக்கு வராது" என்று வெளியே அனுப்பிவிடவில்லை. உங்கள் மகனுக்கு வாட்டர் கலர் பிடிக்கவில்லை என்றால் கம்பி, கோரை, பனையோலை, பழைய புடவைக் கிழிசல் எல்லாம் ஒருமுறை மேஜைக்கு வரட்டும். ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் இடம் கொடுங்கள்.

இந்த வகைக்காரரின் படைப்பு விற்க ஆரம்பித்ததும் காகிதத்தில் சில விஷயங்களை எழுதிக்கொள்ளவேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி படைத்தவருக்கே உரிமை, அவர் ஆயுளுக்குப் பின்னும் 60 வருடங்கள். ஆனால் பணம் கொடுத்து ஒருவர் கேட்டு வரைவித்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேட்டவரே உரிமையாளர். கம்பெனி காலண்டருக்கு 12 படம் வரைந்துகொடுத்துவிட்டு, அதே படங்கள் அடுத்த வருடம் டைரி அட்டையிலும் காபி கோப்பையிலும் வந்து நிற்பதைப் பார்த்து மனம் நோவதில் பயனில்லை. "இந்த வருடக் காலண்டருக்கு மட்டும், உரிமை கலைஞருக்கே, பெயர் அச்சிட வேண்டும்" என்று முதலிலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். 'சிறப்புக் குழந்தை வரைந்தது' என்ற வரி அட்டையில் வேண்டுமா என்பதைக் கலைஞரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் பெயர் மட்டும் போதும்.

முதலாளியிடம் பேசுவது

மையத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் நடத்தவேண்டும் என்பதில்லை. நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைப் பக்கம் விளாச்சேரி எங்கும் பொம்மைப் பட்டறைகளில் ஆள் போதாது. காகிதக்கூழ் பொம்மை அச்சிலிருந்து வந்ததும் காயவேண்டும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவேண்டும், வெள்ளை அடிக்கவேண்டும், அடிப்படை நிறம் பூசவேண்டும், பிறகு நகை, புடவைக்கரை, கடைசியில் கண். கண்ணை எழுதுவது தேர்ந்த கை. ஆனால் அந்தத் தேர்ந்த கையே உட்கார்ந்து தேய்த்துக்கொண்டும் இருந்தால் பட்டறைக்கு நஷ்டம். நாம் கேட்கவேண்டியது அந்தத் தேய்க்கும் வேலையையும் வெள்ளை அடிக்கும் வேலையையும்தான்.

பேச்சைப் புண்ணியத்தில் ஆரம்பிக்காதீர்கள். "அண்ணே, சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனை பொம்மைக்கு வெள்ளை அடிக்கிறீங்க? அதை இவர் பாத்துக்கிட்டா நீங்க வர்ணத்துல உக்காரலாம். ரெண்டு வாரம் நானும் கூடவே இருக்கேன். ஒரு பொம்மை கெட்டுச்சுன்னா என் கணக்கு" என்று பேசினால் அவர் மனதில் கணக்கு ஓட ஆரம்பிக்கும். மறுப்பைவிட ஆபத்தானது இளகிய மனது. "பாவம், சும்மா ஓரமா உக்காரட்டும், மாசாமாசம் ஏதாவது குடுத்துடுறேன்" என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சும்மா உட்காரவைக்கப்பட்டவர் சில மாதங்களில் எழுந்து நடமாடத் தொடங்குவார், எதையாவது தொடுவார், அதன்பின் "இவங்களால முடியாதுங்க" என்ற முத்திரை அந்தத் தெரு முழுக்க விழும். அடுத்த ஆளுக்கும் கதவு அடைபடும்.

சேர்வதற்கு முன் பார்க்கவேண்டியவை: கழிப்பறை எங்கே, அதற்குத் தாழ்ப்பாள் உண்டா, தனி அறையில் யாரோடாவது விடப்படுவாரா, வலிப்பு வருபவர் என்றால் மிஷினுக்கும் அடுப்புக்கும் எவ்வளவு தூரம், மதிய மாத்திரையை யார் நினைவூட்டுவார். பெண்களுக்கு மட்டுமல்ல, ஆண்களுக்கும் "யாராவது அங்க தொட்டா வீட்ல வந்து சொல்லணும்" என்பதைப் படம் வரைந்தாவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கூச்சப்படுகிற விஷயம் இல்லை இது.

காசு

விலையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். கணக்கு போடும் முறைக்காக மட்டும் ஓர் உதாரணம்: துணியும் தையலும் 24 ரூபாய், சாயம் 2, வண்டிச்செலவு 1, கெட்டுப்போகும் பைகளுக்காக 2, கூலி 8, ஆக 37. விற்பது 42 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் சேர்ந்து நாளைக்கு 150 பை முடித்தால் கூலி 1,200 ரூபாய், ஆளுக்கு 300. நாளைக்கு 60 பைதான் முடிகிறது என்றால் ஆளுக்கு 120. அந்த எண் உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், ஆர்டருக்குத் தேதி கொடுக்கும்போதே அதைக் கணக்கில் எடுத்து, மேஜையை இன்னும் திருத்துங்கள். கூலியை 3 ரூபாயாக்கி பையை மலிவாக விற்பது பலர் செய்யும் குறுக்குவழி. அப்போது வாங்குபவருக்குத் தானம் செய்வது அந்தத் தொழிலாளி என்றாகிவிடும். 'ஊக்கத்தொகை' என்ற பெயரில் மாதம் சில நூறுகளைக் கொடுத்துவிட்டு முழுநேரம் வேலை வாங்குவதும் இதே வகைதான்.

முதல் சம்பளம் ரொக்கமாக அவர் கையில் போகட்டும். அன்றைக்கே கடைக்குப் போய் அவருக்கு வேண்டியதை அவரே வாங்கட்டும். பரோட்டாவோ பவுடரோ, நீங்கள் தலையிடவேண்டாம். வேலைக்கும் காசுக்கும் உள்ள தொடர்பு எந்த வகுப்பிலும் இவ்வளவு வேகமாகப் பதியாது. பிறகு வங்கிக் கணக்கு. இங்கேதான் பல குடும்பங்கள் முட்டிக்கொள்கின்றன. 18 வயது முடிந்ததும் பெற்றோர் தாமாகவே சட்டப்படிப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தன் பணத்தைத் தானே நிர்வகிக்கும் சட்டத் தகுதி எல்லாருக்கும் உண்டு என்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, பணம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளக்கூடியவருக்குச் சாதாரணக் கணக்கையே கேளுங்கள். முடியவே முடியாத நிலையில் மட்டும், தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர் குழுவிடம் பாதுகாவலர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே பராமரிப்பு உதவித்தொகை வாங்குபவராக இருந்தால், வேலையில் சேருமுன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கைவினையைத் தொழிலாகவே செய்பவருக்கு மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைஞர் அடையாள அட்டை, 'பெஹ்சான்', கிடைக்கும். கண்காட்சிகளில் கடை போடவும் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவும் அது பயன்படும். மாற்றுத்திறனாளி அட்டையோடு இதையும் வாங்கிவையுங்கள். ஒன்று உதவி கேட்க, மற்றது தொழிலாளி என்று காட்ட.

பின்வாங்கும் காலம்

வேலையில் சேர்த்தவர் முதல் இரண்டு வாரம் முழு நாளும் இருக்கவேண்டும். மூன்றாம் வாரம் காலையில் மட்டும். பிறகு வாரம் இருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. போய்விட்டு வரும்போது பயனாளியின் பக்கத்தில் உட்காரும் சக தொழிலாளியிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். முதலாளி சொல்லாததெல்லாம் அங்கே கிடைக்கும். புது டிசைன், புது மேஜை, புது மேஸ்திரி, சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடக்கம் ஆகிய நான்கு சமயங்களில் கூப்பிடாமலே போகவேண்டும். முதலில் எழுதிய அந்தப் படிப்படியான பட்டியலின் ஒரு நகல் பட்டறைச் சுவரிலேயே இருக்கட்டும்; நீங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து மறுபடி கற்றுக்கொடுப்பார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருமுறை தவறாமல் போய்வாருங்கள். போனஸ் கொடுக்கும் பட்டியலில் இவர் பெயரும் மற்றவர்கள் பெயரோடு இருக்கிறதா, இல்லை இனிப்புப் பெட்டி மட்டும் தனியாகக் கொடுத்துவிடுகிறார்களா என்று பாருங்கள். இனிப்பு மட்டும் என்றால் முதலாளியிடம் மறுபடி உட்கார்ந்து கணக்கைப் பேசவேண்டியிருக்கிறது.